"ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு" என்றால் வெளியே வரவே முடியாதா?

போன மாதம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது, கையில் செய்தித்தாளோடு என்னை மடக்கினார். "ஏம்ப்பா, இவனைப் பிடிச்ச அன்னைக்கு 'ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவில் வழக்கு'ன்னு இதே பேப்பர்லதான் போட்டிருந்தான். இருபது நாள்ல ஜாமீன்ல வந்துட்டான்னு இன்னைக்குப் போட்டிருக்கான். வரவே முடியாதவன் எப்படி வந்தான்? எவ்வளவு கொடுத்தானாம்?"

நியாயமான கேள்விதான். தப்பு அத்தையுடையதும் இல்லை, அந்தச் செய்தியாளருடையதும் முழுக்க இல்லை. அந்தச் சொற்றொடரே அப்படி வாய்த்துவிட்டது. கோர்ட் செய்திகளில் தினமும் வரும் நாலைந்து சொற்கள் இப்படித்தான் ஒன்றைச் சொல்லி, இன்னொன்றாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. அன்றைக்கு அத்தைக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

கடனுக்குப் போட்ட கையெழுத்து

அத்தையிடம் நான் முதலில் கேட்டது மாமாவைப் பற்றி. "மாமா கூட்டுறவு பேங்க்ல பக்கத்து வீட்டுக்காரர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டாரே, அன்னைக்கு எவ்வளவு பணம் கட்டினார்?" ஒரு பைசா கட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தவணையை ஒழுங்காகக் கட்டும்வரை மாமாவுக்கு அந்தக் கடனோடு எந்த வேலையும் இல்லை. அவர் கட்டாமல் போனால்தான் வங்கி மாமாவின் கதவைத் தட்டும்.

கோர்ட்டில் கொடுப்பதும் அதே ஜாமீன்தான். வங்கிக்குத் திரும்ப வரவேண்டியது பணம்; கோர்ட்டுக்குத் திரும்ப வரவேண்டியது ஆள். "இவர் மீது வழக்கு இருக்கிறது. விசாரணை முடிய நாளாகும். அதுவரை உள்ளே வைக்காமல் வெளியே விடுகிறோம். கூப்பிடும்போதெல்லாம் வருவார் என்பதற்கு யார் பொறுப்பு?" இந்தக் கேள்விக்கான பதில்தான் ஜாமீன். அரபியிலிருந்து உருது வழியாக நமக்கு வந்த இந்தச் சொல்லுக்கு மூலத்தில் 'பொறுப்பேற்பவர்' என்றே பொருள். பிணை என்ற தமிழ்ச் சொல்லிலும் கட்டிவைப்பது என்ற பொருள் இருக்கிறது. ஆளை அவிழ்த்துவிட்டாலும் வழக்கோடு ஒரு கயிறு கட்டியே இருக்கிறது.

செய்திகளில் வரும் அடுத்த வரியைப் பாருங்கள்: "10,000 ரூபாய்க்கான சொந்தப் பிணையும், அதே தொகைக்கு இரு நபர் ஜாமீனும் அளிக்க உத்தரவு." இதைப் படித்துவிட்டு, 'பத்தாயிரம் கட்டி வந்துவிட்டான்' என்று சொல்பவர்கள் ஏராளம். சொந்தப் பிணை என்பது, வராமல் போனால் 10,000 ரூபாய் தருகிறேன் என்று குற்றம் சாட்டப்பட்டவர் எழுதிக்கொடுக்கும் உறுதி. இரு நபர் ஜாமீன் என்பது, அவர் வராவிட்டால் நாங்கள் தருகிறோம் என்று வேறு இரண்டு பேர் எழுதிக்கொடுப்பது. இவர்களைப் பிணைதாரர் என்பார்கள். கோர்ட் வளாகத்தில் 'ஷூரிட்டி' என்றால்தான் சட்டென்று புரியும். வீட்டு வரி ரசீது, ஆதார் என்று எதையாவது காட்டித் தங்களுக்கும் ஒரு கைப்பிடி இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். எல்லாரும் ஒழுங்காக நடந்துகொண்டால் அந்தப் பத்தாயிரம் கடைசிவரை காகிதத்தில்தான் இருக்கும். சில வழக்குகளில் உண்மையாகவே பணம் டெபாசிட் செய்யச் சொல்வதும் உண்டு. அதுவும் கட்டணம் இல்லை, நிபந்தனை.

காகிதத்தில் இருப்பதுதானே, சும்மா எழுதிக்கொடுத்தால் போச்சு என்று தோன்றும். சொத்தே இல்லாதவருக்கு அது சும்மா இல்லை. 1978-இல் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தது. கீழ்க் கோர்ட்டில் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார்கள். அண்ணன் தம்பி ஜாமீன் நிற்க வந்தால், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். வழக்கு மறுபடி உச்ச நீதிமன்றத்துக்கே போயிற்று. 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர். ஜாமீன் கிடைத்தும் ஷூரிட்டி கிடைக்காமல் உள்ளே கிடப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதனால்தான் 2023 ஜனவரியில், ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரரைத் தர முடியாதவர்களுக்கு நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிக் கோர்ட்டே யோசிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இதுவரை சொன்னதன் சாரம்: ஜாமீன் என்பது தீர்ப்பு இல்லை, அபராதம் இல்லை, விலை இல்லை. திரும்ப வருவேன் என்ற உறுதியின் பேரில் வெளியே விடுவது. வழக்கு அப்படியே இருக்கிறது.

புகார் கொடுத்த நாளிலிருந்து

சரி, ஜாமீன் கேட்கும் நிலை எப்படி வருகிறது? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் பெரும்பாலும் ஒரு சின்ன ரசீது தருவார்கள். அதுதான் சி.எஸ்.ஆர். உங்கள் புகார் எங்களிடம் வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. 'கேஸ் போட்டாச்சு' என்று அதைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேஸ் என்பது முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகுதான். சொல்லப்படும் குற்றம், பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய வகையைச் சேர்ந்தது என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. சில வகை வழக்குகளில் மட்டும் முதலில் சிறு விசாரணைக்கு இடமுண்டு. எஃப்.ஐ.ஆரின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும்.

எஃப்.ஐ.ஆரில் பெயர் வந்தாலே குற்றவாளி என்று பேசுவது நம் ஊர்ப் பழக்கம். 'இப்படி நடந்ததாக ஒருவர் சொல்கிறார்' என்ற பதிவுதான் அது. எழுதும் நேரத்தில் போலீசுக்கே உண்மை தெரிந்திருக்காது. தெரிந்துகொள்வதற்காகத்தான் புலன்விசாரணை.

எஃப்.ஐ.ஆர். வந்தால் கைதும் வந்தே தீரும் என்பதும் தவறு. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது செய்யக் கூடாது, அவசியம் இருந்தால்தான் செய்ய வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொல்லிவிட்டது. நோட்டீஸ் கொடுத்து வரவழைத்து விசாரிப்பதே போதும்.

கைது செய்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இது அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவே தரும் உரிமை. அங்கே மாஜிஸ்திரேட் எடுக்கும் முடிவுக்குப் பெயர்தான் ரிமாண்ட். இவரை இன்னும் காவலில் வைக்கலாமா, வைத்தால் யார் காவலில் என்பதுதான் அந்த முடிவு. சிறைக்கு அனுப்பினால் நீதிமன்றக் காவல். விசாரிக்க எங்களிடம் கொடுங்கள் என்று போலீஸ் கேட்டு வாங்கினால் போலீஸ் காவல். பேச்சு வழக்கில் 'கஸ்டடி எடுக்கிறது'. இந்தப் போலீஸ் காவல் மொத்தமாக 15 நாளைத் தாண்டக் கூடாது.

"15 நாள் நீதிமன்றக் காவல்" என்ற செய்தியை அத்தை இத்தனை வருஷமாக '15 நாள் தண்டனை' என்றே படித்துவந்திருக்கிறார். விசாரணையே தொடங்காதபோது தண்டனை எங்கிருந்து வரும்? அது தேதி குறிப்பது மட்டும்தான். அந்தத் தேதியில் மறுபடி முன்னிறுத்துவார்கள், தேவைப்பட்டால் நீட்டிப்பார்கள்.

அந்தக் குழப்பமான சொற்றொடர்

இப்போது அத்தையின் கேள்விக்கு வரலாம். குற்றங்களைச் சட்டம் ஜாமீன் விஷயத்தில் இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு வகையில் ஜாமீன் உரிமை. கேட்டு, உறுதி எழுதிக்கொடுத்தால் விட்டே ஆக வேண்டும். காவல் நிலையத்திலேயே விட்டுவிடலாம். அதைத்தான் 'ஸ்டேஷன் ஜாமீன்' என்கிறார்கள். இன்னொரு வகையில் ஜாமீன் உரிமை இல்லை, கேட்டுப் பெற வேண்டிய ஒன்று. கொடுப்பதா வேண்டாமா என்று நீதிமன்றம் யோசித்து முடிவுசெய்யும். இந்த இரண்டாம் வகையைத்தான் நம் பத்திரிகைகள் "ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு" என்று எழுதுகின்றன. 'ஸ்டேஷனிலேயே ஜாமீன் கேட்டு உரிமையாக வெளிவர முடியாத பிரிவு' என்பதுதான் சரியான பொருள். நீளமாக இருக்கிறது என்று முன்பாதியை வெட்டியதில் பொருளே தலைகீழாகிவிட்டது.

ரேஷன் கடை உதாரணம் சொன்னேன். கார்டு இருந்தால் அரிசி தந்தே ஆக வேண்டும். கடைக்காரருக்கு அங்கே முடிவெடுக்க ஒன்றும் இல்லை. வங்கிக் கடன் அப்படியா? விண்ணப்பம் போடலாம், மேனேஜர் பார்த்து முடிவுசெய்வார். "வங்கியில் கடன் உரிமையாகக் கிடைக்காது" என்பதை "வங்கியில் கடனே கிடைக்காது" என்று எழுதினால் எப்படியிருக்கும்? அதேதான்.

எந்தக் குற்றம் எந்த வகை என்பதை எடைபோடுவது நம் மனக்கணக்கு இல்லை, சட்டத்தின் அட்டவணை. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் முதல் அட்டவணையில் ஒவ்வொரு குற்றத்துக்கும் எதிரே இது எழுதியிருக்கும். சில இடங்களில் நமக்கு வியப்பாகவும் இருக்கும். கவனக்குறைவாக வண்டி ஓட்டி ஒருவர் உயிர் போகக் காரணமானால் அது ஜாமீன் உரிமையுள்ள குற்றம். இருபதாயிரம் ரூபாய் செல்போனைத் திருடினால் உரிமையில்லாத வகை! உயிரைவிட செல்போன் பெரிதா என்று அத்தை கேட்டார். முன்னதில் உள்நோக்கம் இல்லை, பின்னதில் இருக்கிறது என்று வக்கீல்கள் விளக்கம் சொல்வார்கள். எனக்கும் அந்த விளக்கம் முழுசாகச் செரிக்கவில்லை.

நீதிபதி என்ன பார்க்கிறார்?

உரிமையில்லாத வகையில் ஜாமீன் மனு வந்தால், இவர் குற்றம் செய்தாரா என்று நீதிபதி தீர்மானிப்பதில்லை. அது விசாரணைக்குப் பிறகு. அவர் பார்ப்பது பெரும்பாலும் மூன்று கவலைகளை: வெளியே விட்டால் ஓடிவிடுவாரா, சாட்சிகளை மிரட்டுவாரா அல்லது ஆதாரத்தை அழிப்பாரா, மறுபடி அதே வேலையைச் செய்வாரா? குற்றத்தின் கடுமையும் தட்டில் ஏறும். இந்தக் கவலைகளைச் சமாளிக்க நிபந்தனைகள் போடுவார்கள். 'தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து', 'பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும்', 'வேறு ஊரில் தங்க வேண்டும்' என்று வருவதெல்லாம் அதற்குத்தான். இப்படி வந்தால் நிபந்தனை ஜாமீன்.

1977-இல் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் அதே கிருஷ்ண ஐயர்தான், ஜாமீன் என்பதே அடிப்படை விதி, சிறை இல்லை என்று எழுதினார். காரணம் எளிது. தீர்ப்பு வரும்வரை சட்டத்தின் கண்ணில் அவர் குற்றமற்றவர். பத்து வருஷம் உள்ளே வைத்துவிட்டு 'நீ செய்யவில்லை, போ' என்றால் அந்தப் பத்து வருஷத்தை யார் திருப்பித் தருவது? சும்மா மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1979-இல் பீகார் சிறைகளைப் பற்றிய வழக்கில், குற்றம் நிரூபணமானால் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையையும் தாண்டிய காலம் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்கள் இருந்தது வெளியே வந்தது. விசாரணைக் கைதி என்றால் தீர்ப்பு வராமலே சிறையில் இருப்பவர்.

சில தனிச் சட்டங்களில் மட்டும் கதை மாறுகிறது. கஞ்சா 20 கிலோவுக்கு மேல் பிடிபட்டால் அது வணிக அளவு. அங்கே, இவர் குற்றம் செய்திருக்க மாட்டார் என்று நம்ப இடமிருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினால்தான் ஜாமீன். பணமோசடி தடுப்புச் சட்டம், உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் ஆகியவற்றிலும் இதுபோன்ற இரும்புக் கதவுகள் உண்டு. "முடியாத பிரிவு" என்ற சொல்லுக்குக் கிட்டே வருபவை இவைதான்.

அறுபது நாள், தொண்ணூறு நாள்

அத்தை காட்டிய செய்தியில் இது இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் ஜாமீன் புரியாது. ஒருவரைச் சிறையில் வைத்துக்கொண்டு போலீஸ் காலவரையின்றி விசாரித்துக்கொண்டே இருக்க முடியாது. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்கள் என்றால் 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்ய வேண்டும். குற்றப்பத்திரிகை என்றால், விசாரித்ததில் இன்னின்னார் மீது இன்னின்ன ஆதாரம் கிடைத்தது என்று போலீஸ் கோர்ட்டில் கொடுக்கும் அறிக்கை. கெடு தாண்டியும் அது வரவில்லை என்றால், எவ்வளவு கொடிய வழக்காக இருந்தாலும் ஜாமீன் உரிமையாகிவிடும். இதைக் கட்டாய ஜாமீன் என்கிறார்கள். ஒன்று, தானாக வராது. கெடு முடிந்ததும், குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்னால், மனுப் போட வேண்டும்.

கொலை வழக்கில் ஒருவர் இப்படி வெளியே வந்தால் ஊரே கொதிக்கும். கோபம் போக வேண்டிய திசை வேறு. கெடுவைத் தவறவிட்டது யார் என்று யாரும் கேட்பதில்லை. 2020-இல் கொரோனா ஊரடங்கைக் காரணம் காட்டி இந்தக் கெடுவை நீட்டிக்க முடியுமா என்ற கேள்வி வந்தது. மதுரை மாவட்டம் சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு அது. உயர் நீதிமன்றம் நீட்டிக்கலாம் என்றது. உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூனில் முடியாது என்று சொல்லி ஜாமீன் கொடுத்தது. ஊரடங்கிலும் இந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

முன்ஜாமீன் என்பது, கைதாவோம் என்ற பயம் இருக்கும்போது முன்கூட்டியே செஷன்ஸ் கோர்ட்டிலோ உயர் நீதிமன்றத்திலோ வாங்கிவைப்பது. வாங்கியவரைத் தொடவே முடியாது என்று நினைக்க வேண்டாம். கைது செய்தால் உடனே ஜாமீனில் விட வேண்டும், அவ்வளவுதான். வழக்கும் விசாரணையும் நடக்கும்.

ஆக, ஜாமீன் மூன்று வழிகளில் வரலாம்: குற்றத்தின் வகையால் உரிமையாக, நீதிபதியின் முடிவால், கெடு தவறியதால். மூன்றிலும் வழக்கு முடிவதில்லை.

குண்டர் சட்டத்தில் ஜாமீன் உண்டா?

இந்தக் கேள்விக்கு உண்டு என்பதும் தப்பு, இல்லை என்பதும் தப்பு. ஜாமீன் என்பது வழக்கில் கைதானவருக்கு. 1982-இன் 14-ஆம் எண் தமிழ்நாட்டுச் சட்டமாகிய குண்டர் சட்டத்தில் அடைப்பது, நடந்த குற்றத்துக்காக இல்லை. இனி நடக்காமல் தடுக்க. அதனால்தான் தடுப்புக் காவல் என்று பெயர். கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ போடும் உத்தரவு அது. 12 மாதம் வரை நீளலாம். எந்த வழக்கில் உறுதி எழுதிக்கொடுப்பது? வழக்கே இல்லையே. இதற்கென்றே உள்ள அறிவுரைக் கழகம் என்ற குழு அந்த உத்தரவைப் பரிசீலிக்கும். அல்லது உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது அடைத்துவைத்திருப்பவரைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு, போட்டு உத்தரவையே ரத்து செய்ய வைக்க வேண்டும். மற்ற வழக்குகளில் ஜாமீன் கிடைக்கப்போகும் சமயத்தில் 'குண்டாஸ்' பாய்வதை அடிக்கடி பார்க்கிறோமே, அதன் சூட்சுமம் இதுதான்.

தண்டனைக்குப் பிறகும் ஜாமீனா?

ஆமாம். கீழ்க் கோர்ட் தண்டித்த பிறகு மேல்முறையீடு செய்தால், அது முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனில் விடலாம். இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'இவர் குற்றவாளி' என்பது தீர்ப்பு. 'இத்தனை ஆண்டு சிறை' என்பது தண்டனை. ஒன்றை நிறுத்தினால் மற்றது தானாக நிற்காது.

ராகுல் காந்தி வழக்கில் நாடே இதைப் பார்த்தது. 2023 மார்ச் 23-இல் சூரத் நீதிமன்றம் அவருக்கு இரண்டு ஆண்டு சிறை விதித்தது, தண்டனையும் நிறுத்திவைக்கப்பட்டது. ஒரு நாள்கூட அவர் சிறைக்குப் போகவில்லை. ஆனாலும் மறுநாளே எம்.பி. பதவி போயிற்று. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவருக்குத் தகுதியிழப்பு. குற்றவாளி என்ற தீர்ப்பு நின்றுகொண்டிருக்கும்வரை அதிலிருந்து தப்ப முடியாது. ஆகஸ்ட் 4-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கே இடைக்காலத் தடை விதித்த பிறகுதான் பதவி திரும்பியது. தடை என்பதும் ரத்து இல்லை. ஓடும் பஸ்ஸை நிறுத்துவது தடை; பஸ் சர்வீஸையே எடுத்துவிடுவது ரத்து.

விடுதலை என்ற சொல்லை விசாரணை முழுதும் முடிந்து குற்றம் நிரூபணமாகவில்லை என்று வரும் தீர்ப்புக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. விசாரணை தொடங்கும் முன்னாலேயே, இவர் மீது வழக்கு நடத்தப் போதிய முகாந்திரம் இல்லை என்று அனுப்பிவிடுவது விடுவிப்பு. "ஜாமீனில் விடுதலை" என்று இரண்டையும் ஒட்டவைத்துத் தலைப்புப் போடும்போதுதான் வம்பு.

மாமாவின் கேள்வி

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த மாமா கடைசியில் தனக்கு வேண்டியதைக் கேட்டார். "சரி, நான் கோர்ட்ல ஒருத்தனுக்கு ஷூரிட்டி போட்டு, அவன் ஓடிட்டா?"

வாய்தாவுக்கு அவன் வராவிட்டால் கோர்ட் அவனுக்குப் பிடிவாரண்ட் போடும், ஜாமீனை ரத்து செய்யும். அப்புறம் ஷூரிட்டிக்கு நோட்டீஸ் வரும்: எழுதிக்கொடுத்த தொகையை நீங்கள் ஏன் கட்டக் கூடாது என்று காரணம் கேட்டு. சொல்லும் காரணம் நியாயமாக இருந்தால் தொகையைக் குறைக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆள் சரியில்லை என்று முன்கூட்டியே தெரிந்தால், 'என்னை இந்தப் பொறுப்பிலிருந்து விடுவியுங்கள்' என்று ஜாமீன்தாரர் எப்போது வேண்டுமானாலும் மனுப் போடலாம். அவனை வரவழைத்து, வேறு ஜாமீன்தாரரைக் கொண்டுவா என்று கோர்ட் சொல்லும். கொண்டுவராவிட்டால் அவன் மறுபடி உள்ளே.

"கூட்டுறவு பேங்க்ல இந்த வசதி இல்லையே" என்றார் மாமா. பக்கத்து வீட்டுக்காரர் மூன்று தவணை பாக்கி வைத்திருக்கிறாராம்.